டிஸ்பிளே மாற்றியபோது தெரிந்த நம்பர்

1. ஒரு கறுத்த போன்

“ஜோயலா? யப்பா, ஜோயலா பேசுற?”

நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் கேட்டுவிட்டாள். பழவங்காடியில் என் கடையில், வேலை மேஜை முன்னால் நின்றுகொண்டு அந்த நம்பரைக் கூப்பிட்டிருந்தேன். ஒரு வியாபாரி காலையில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன செகண்ட் ஹேண்ட் போனின் திரையில் இருந்த நம்பர் அது.

“ஜோயல் இல்லம்மா. நான் ஒரு மொபைல் கடையிலேருந்து பேசுகேன். திருவனந்தபுரம்.”

“எம் பையன் அங்க இருக்கானா?” என்று கேட்டாள்.

தொலைந்த போனுக்குச் சொந்தக்காரர் யாரோ எடுப்பார், சந்தோஷப்படுவார் அல்லது திட்டுவார் என்றுதான் நினைத்திருந்தேன். பையனைக் கேட்பார்கள் என்று நினைக்கவில்லை.

என் பெயர் செண்பகம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகி வந்தது வலியசாலைக்கு. பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் உள்ள காம்ப்ளக்ஸில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பொம்பளை நடத்துகிற சர்வீஸ் கடை என்பதால் பெண்கள் தைரியமாகப் போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கி விற்கிற வியாபாரிகளும் டிஸ்பிளே வேலைக்கு வருவார்கள். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் லாக் ஆன போனைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போனைக் கொண்டுவந்தவன் பெயர் ஜெகன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் ஒரு பை. எப்போதும் சிரித்த முகம். அதற்கு முன்பும் பல பீஸ் கொண்டுவந்திருக்கிறான். எல்லாமே பில்லோடு வந்தவை. அன்று கொண்டுவந்த போனின் திரை முழுக்கக் கறுப்பு, கண்ணாடி நொறுங்கியிருந்தது.

“சேச்சி, இது ஒண்ணு நோக்குங்க. டிஸ்பிளே மட்டும் மாத்தினாப் போதும், கேட்டோ. வேற ஒண்ணும் தொட வேண்டாம்.”

“பில்லு?”

“வீட்டுல இருக்கு. வாங்க வரும்போ கொண்டாரேன்.”

“ஆருக்கிட்ட வாங்கினது?”

“ஒரு கஸ்டமர். கல்ஃப்புக்குப் போறான், அவசரமா வித்துட்டான்.”

கல்ஃப்புக்குப் போகிறவன் அவசரமாக விற்றான் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் அது சில நேரம் உண்மையாகவும் இருக்கும். வாங்கி வைத்தேன்.

திறக்கும்போதே மனசுக்குச் சரியாகப் படவில்லை. ஃபிரேம் வளைந்திருந்தது. கையிலிருந்து நழுவி விழுந்த போன் ஒரு மூலையில்தான் அடிபடும். இது நடுவில் வளைந்திருந்தது, மேலே ஏதோ கனமாக ஏறியதுபோல. கண்ணாடி விளிம்புக்குள் ரோட்டு ஜல்லிப் பொடி. சிம் டிரே காலி. இயர்பீஸ் வலையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. சாதாரணமாக அங்கே அழுக்கும் பவுடரும் இருக்கும். ஈரப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு செம்பழுப்பாக மாறியது.

அந்தப் பஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். துருவாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புது டிஸ்பிளே மாட்டி ஆன் செய்தேன். திரையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி: இந்த போன் தொலைந்துவிட்டது, தயவுசெய்து இந்த நம்பரில் கூப்பிடுங்கள். கீழே ஒரு நம்பர்.

இந்த மாதிரி செய்தி தெரிந்தால் எங்கள் வட்டாரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: ஆஃப் செய்து, கொண்டுவந்தவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது. கூப்பிட்டால் நீதான் திருடன் என்பார்கள், ஸ்டேஷனுக்கு அலைய வேண்டிவரும். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் மேஜை மேல் அந்தப் பஞ்சு இருந்தது. கூப்பிட்டேன்.

2. விதுராவிலிருந்து எஸ்தர்

அந்தப் பெண்ணின் பெயர் எஸ்தர். விதுரா மார்க்கெட்டில் தையல் கடை. பெற்றவர்கள் போணக்காடு எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். புருஷன் இல்லை, ஒரே மகன் ஜோயல், காலேஜில் படிக்கிறான். ஒரு வாரத்துக்கு முன்னால் பொன்முடிக்குப் போகிறேன் என்று காலையில் கிளம்பியவன் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். வனத்துறையும் ஊர்க்காரர்களும் பொன்முடி வளைவுகளுக்குக் கீழே உள்ள பள்ளங்களிலெல்லாம் இறங்கித் தேடியிருக்கிறார்கள்.

“தினமும் ஆள் இறங்கும்போது நான் மேல நிப்பேங்க. கீழேருந்து ‘கெடச்சிருச்சு’ன்னு சத்தம் வந்துரக் கூடாதேன்னு நிப்பேன்” என்றாள்.

போனைத் தொலைந்ததாகப் பதிந்து, திரையில் நம்பர் வரும்படி செய்தது அவளுடைய அக்கா மகன். அந்த விவரத்தைச் சொல்லிவிட்டு அவள் அடுத்து சொன்னது இது.

“நேத்தே மெசேஜ் வந்துச்சுங்களே. நீங்கதான் அனுப்புனதுன்னு நெனச்சேன். போன் கெடச்சிருச்சு, இதத் தொட்டு பாஸ்வேர்டும் லாக் நம்பரும் போட்டா எந்த எடம்னு காட்டும்னு. எனக்கு அதெல்லாம் தெரியாது. அக்கா மகன் சாயங்காலம் வந்து போட்டுத் தாரேன்னான்.”

“போடாண்டாம்!” என்று கத்திவிட்டேன். அடுத்த கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இது பழைய மோசடி. லாக் ஆன போன் கிடைக்கும். திறக்க முடியாது, திறக்காவிட்டால் விலை போகாது. திரையில் சொந்தக்காரருடைய நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கே, போன் கம்பெனி அனுப்பியதுபோல ஒரு லிங்க் அனுப்புவார்கள். தொலைத்தவர் ஆவலில் பாஸ்வேர்டைப் போட்டுவிடுவார். அடுத்த நிமிஷம் போனில் இருக்கிற அத்தனையையும் அழித்து, தொலைந்த பதிவையும் நீக்கி, புதுசுபோல விற்றுவிடுவார்கள். ஜெகன் தன் கையில் இருந்த பழைய டிஸ்பிளே ஒன்றை மாட்டிப் பார்த்து அந்த நம்பரை எடுத்திருக்கிறான் என்று பிற்பாடு தெரிந்தது. எஸ்தரின் மகன் எங்கே என்று கேட்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே பிடி அந்த போன்தான். சாயங்காலம் பாஸ்வேர்ட் போயிருந்தால் அந்தப் பிடியும் போயிருக்கும்.

அக்கா மகனுக்கு உடனே சொல்லச் சொன்னேன். போன் வாங்கிய பெட்டி இருந்தால் அதன் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். படம் வந்தது. பெட்டியில் அச்சடித்திருந்த, ஒவ்வொரு போனுக்கும் தனியான ஐஎம்இஐ எண்ணையும், சிம் டிரேயில் பொடியாகப் பொறித்திருந்த எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்தேன். ஒன்றுதான்.

“எம் புள்ள போன்தானா?”

“அவன் போன்தான்.”

“அதுல ரத்தம் கித்தம் இருக்கா?”

பஞ்சு எனக்கு எதிரே இருந்தது. “போன் ஒடஞ்சிருக்கு, அம்மா. நீங்க புகார் நகலை எடுத்துக்கிட்டு நேரே இங்க வாங்க” என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

பிறகு போலீஸ் ஸ்டேஷனைக் கூப்பிட்டேன். பேசியது ஒரு பெண் எஸ்.ஐ. நான் சொன்னதை இடையில் பேசாமல் கேட்டார்.

“போனை ஆருக்கும் கொடுக்கண்டா. ஓஃப் செய்யவும் வேண்டா. கோட்டைக்கு முன்னால ஊர்வலம் போவுது, எங்க ஆளு அங்கேயாணு. முடிஞ்ச உடனே வரும்” என்றார்.

“அவன் அதுக்குள்ள வந்துட்டா?”

“எப்படியெங்கிலும் தாமசிப்பிக்கணும், சேச்சி.” எப்படியாவது அவனைத் தாமதப்படுத்த வேண்டும் என்று.

3. பிரித்துப் போட்ட போன்

என் கடை ஆறடி அகலம். வெளியே வர ஒரே வழி, அது கவுண்டரைத் தாண்டித்தான். ஜெகன் வந்து நின்றால் நான் உள்ளே அடைபட்டதுபோலத்தான். இத்தனை வருஷம் அது எனக்குத் தோன்றியதே இல்லை.

எதிர்க்கடை நசீர்க்காவைக் கூப்பிட்டேன். பைகளுக்கு ஜிப் மாற்றித் தைத்துக் கொடுப்பவர். வந்து கவுண்டருக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“பேடிக்கண்டா பெங்ஙளே. நான் இவிடெ உண்டு” என்றார். பயப்படாதே தங்கச்சி, நான் இங்கே இருக்கிறேன் என்று.

வீட்டுக்காரருக்கும் போன் செய்து சொன்னேன். அவர் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறார். “இது நமக்கு வேணுமா, செண்பகம்? பேசாம அவங்கிட்டயே குடுத்துரு. பிள்ளை ஸ்கூலு விட்டுத் தனியா நடந்து வாறவ” என்றார். அந்தப் பஞ்சைப் பற்றிச் சொன்னேன். பிறகு அவரே, “நான் போயி அவளைக் கூட்டிட்டு வாறேன்” என்று வைத்துவிட்டார்.

போனைக் கொடுக்காமல் இருக்க ஒரு காரணம் வேண்டும். யோசித்துப் பார்த்தேன். முழு போன் என்றால் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். அதனால் போனை மறுபடி திறந்தேன். ஆஃப் செய்ய வேண்டாம் என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார், எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, பேட்டரி கனெக்டரைக் கழற்றினேன், டிஸ்பிளேயை எடுத்தேன், போனின் தகவல் எல்லாம் இருக்கும் போர்டைத் தனியாக எடுத்துத் தட்டில் வைத்தேன். ஸ்குரூக்களைக் காந்த விரிப்பில் பரப்பினேன். தினமும் செய்கிற வேலை. அன்று ஸ்குரூ டிரைவர் நுனி ஸ்குரூவின் தலையில் உட்காரவே மாட்டேன் என்றது.

கோயிலில் தேங்காய் உடைக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் திடுக்கிட்டேன். நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான்.

ஜெகன் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தான்.

“சேச்சி, ரெடியாயோ?”

“இல்லப்பா. புது டிஸ்பிளேல டச் தானா ஓடுது. கழத்திட்டேன். வேற பீஸ் வரணும்.”

தட்டைப் பார்த்தான். நசீர்க்காவைப் பார்த்தான். “ஆன் பண்ணி நோக்கினீங்களா?”

“நோக்காம டச் ஓடுறது எப்படித் தெரியும்?”

“திரையில என்ன வந்தது?”

“லாக்கு. வேற என்ன வரும்?”

சிரித்தான். “சாரமில்ல, பரவாயில்ல. அப்படியே தாங்க. வேற இடத்துல கொடுத்துக்கறேன்.”

“மாட்டித் தாறேன், நில்லு. அப்படிக் குடுத்தா போர்டு போயிரும்.”

“போனாப் போகட்டு. தாங்க.”

அந்த நேரம் பார்த்து மேஜை மேல் இருந்த என் சொந்த போன் அடித்தது. எஸ்தரின் நம்பரை நான் பெயர் போட்டுப் பதியவில்லை. திரை முழுக்க வெறும் நம்பராகத் தெரிந்தது. ஜெகன் நேற்று மெசேஜ் அனுப்பிய அதே நம்பர். கவிழ்த்து வைத்தேன். ஆனால் அவன் கண் அதில் பதிந்துவிட்டது. முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அதற்குப் பிறகு அவன் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“சேச்சிக்கு ஒரு மோள் உண்டல்லே. இந்தக் கவுண்டர்ல உக்காந்து ஹோம்வொர்க் எழுதும். எந்த ஸ்கூல்னு எனக்குத் தெரியும், கேட்டோ.”

சொல்லிக்கொண்டே கையை நீட்டித் தட்டைப் பிடித்தான். நான் போர்டை மட்டும் எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டேன். என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். வலித்ததா இல்லையா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. போர்டின் விளிம்பு கையில் அறுத்தது மட்டும் தெரிந்தது. நசீர்க்கா எழுந்த வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. “விடுடா! ஆளுகளே, ஓடி வாங்க!” என்று அவர் போட்ட கூச்சலில் கோயிலுக்கு வந்தவர்கள்கூட உள்ளே திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெகன் கையை விட்டான். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கூட்டத்துக்குள் சாதாரணமாக நடந்துபோய்விட்டான். உடைந்த டிஸ்பிளேயும் வளைந்த ஃபிரேமும் தரையில் கிடந்தன. போர்டு என் கைக்குள் இருந்தது. விரலைப் பிரிக்க எனக்கே கொஞ்ச நேரமாயிற்று.

எஸ்.ஐ. வந்தபோது எஸ்தரும் வந்து சேர்ந்திருந்தாள். மெலிந்த பெண், கழுத்தில் தையல் டேப் அப்படியே தொங்கியது. எடுத்து வைக்க மறந்து பஸ் ஏறியிருக்கிறாள். பொட்டலத்தில் போட்ட போர்டைக் காட்டி, “இதுதானா அவன் போன்?” என்றாள். முழு போனைப் பார்த்துப் பழகியவளுக்கு அந்தச் சின்னப் பச்சைத் தகட்டை நம்ப முடியவில்லை.

4. நாகர்கோவில்

ஜெகனை மறுநாள் பிடித்தார்கள். அவனுடைய போன் நம்பரும், அவன் வழக்கமாக உட்காரும் இடங்களும் எனக்குத் தெரிந்திருந்ததால் தேடுவது கஷ்டமாக இல்லை. தனக்கு விற்றது களியக்காவிளைப் பக்கத்து பிக்அப் டிரைவர் ஒருவன் என்று சொன்னான். அந்த டிரைவர் முதலில் ரோட்டில் கிடந்தது என்றான். பிறகு, அடிபட்டுக் கிடந்த ஒரு பையன் பக்கத்தில் கிடந்தது என்றான். எந்த இடம் என்று கேட்டதற்கு, எல்லை தாண்டி மார்த்தாண்டம் பக்கம் என்றான்.

பொன்முடி வடக்கே. இது தெற்கே, வேறு மாநிலம். தேடியவர்கள் அத்தனை பேரும் எதிர்த் திசையில் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஜோயல் கன்னியாகுமரிக்குத் தனியாகப் போக ஆசைப்பட்டிருக்கிறான். அம்மா விடமாட்டாள் என்பதால் பொன்முடி என்று சொல்லியிருக்கிறான் எனப் பிற்பாடு தெரிந்தது.

எஸ்.ஐ. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பேசினார். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் பெயர் தெரியாத ஒரு பையன் இருக்கிறான், தலையில் அடி, நினைவு இல்லை என்றார்கள். பர்சும் போனும் இல்லாமல் கொண்டுவரப்பட்டவன்.

“அது என் ஊரு. நானும் வாறேன்” என்று எஸ்தரோடு ஜீப்பில் ஏறினேன்.

பாறசாலை தாண்டியபோது, “அக்கா, அது வேற யாராவது பெத்த புள்ளையா இருந்தா?” என்றாள். நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வார்டில் கடைசிக் கட்டில். தலையெல்லாம் கட்டு. முகம் வீங்கி, மூக்கில் குழாய். யாருடைய முகமாகவும் இருக்கலாம். எஸ்தர் நின்றாள், பார்த்தாள், அவளுக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெற்றவளுக்கே அடையாளம் தெரியாமல் நிற்பதைப் பார்த்த அந்தச் சில நிமிஷம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது.

பிறகு அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்ப் போர்வையை விலக்கினாள். வலது காலின் சுண்டு விரல் பக்கத்து விரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதைத் தொட்டாள். இரண்டு கையாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“எம் புள்ள காலுதான் அக்கா. எம் புள்ள காலுதான்.”

நர்ஸ் அதுவரை ‘பெயர் தெரியாதவர்’ என்றிருந்த கட்டில் அட்டையை எடுத்து, “பேரு சொல்லுங்கம்மா” என்றார்.

ஜோயல் கண் திறக்க மேலும் பல நாள் ஆயிற்று. பேச்சு வர அதைவிட நாள் எடுத்தது. இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறான். அந்த டிரைவரின் வண்டிதான் அவன்மேல் ஏறியதா என்பதை வழக்குதான் சொல்ல வேண்டும். போர்டும் ஃபிரேமும் இன்னும் கோர்ட்டில் இருக்கின்றன.

5. கவுண்டரில் கேட்க வேண்டியது

புதிதாகத் தொழில் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். லாக் ஆன போன் வந்தால், கொண்டுவந்தவனையே அதைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்கத் தெரியாதவன் அதற்குச் சொந்தக்காரன் இல்லை. பில்லில், பெட்டியில், டிரேயில் உள்ள ஐஎம்இஐ ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். போன் திறந்திருந்தால் *#06# அடித்து, திரையில் வரும் எண்ணையும் பாருங்கள். சில பேர் பெட்டியை மட்டும் வேறு போனுக்கு மாற்றிக் கொடுப்பார்கள். அரசாங்கத்தின் இணையதளத்தில் அந்த எண் முடக்கப்பட்டதா என்று பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும். விற்கிறவர் தன் அக்கவுண்டை உங்கள் கண் முன்னாலேயே நீக்க வேண்டும். வீட்டுக்குப் போய் நீக்குகிறேன் என்றால் நாளைக்கே தூரத்திலிருந்து லாக் போட்டு உங்களிடம் பேரம் பேசுவார். தவணை முடியாத போனையும் கடன் கொடுத்த கம்பெனி அப்படித்தான் முடக்கும். லாக்கைக் குறுக்கு வழியில் ‘பைபாஸ்’ செய்து தருகிறேன் என்பவனை நம்பாதீர்கள். ரீஸ்டார்ட் செய்தால் பழைய லாக் திரும்ப வரும்.

தொலைத்தவராக நீங்கள் இருந்தால், போன் கிடைத்தது என்று வருகிற எந்த லிங்கிலும் பாஸ்வேர்ட் போடாதீர்கள். திரையில் நம்பர் கண்ட ரிப்பேர்காரராக இருந்தால் கூப்பிடுங்கள். ஆனால் என்னைப்போலத் தனியாக இருந்துகொண்டு கூப்பிடாதீர்கள். முதலில் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வையுங்கள், போலீசுக்கும் சொல்லிவிடுங்கள்.

ஜெகன் ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். மகளை இப்போதும் தனியாக அனுப்புவதில்லை. கடையை மாற்றச் சொல்லி வீட்டுக்காரர் பல தடவை சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு கஸ்டமர் கவுண்டரில் நின்றிருந்தான். பில் கேட்டேன். “பில்லு எதுக்கு சேச்சி? ரிப்பேர்தானே” என்றான். அவன் தோளுக்குப் பின்னால், காம்ப்ளக்ஸ் வாசலில், பையோடு ஜெகன் நின்றுகொண்டிருந்தான். எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நசீர்க்கா தைப்பதை நிறுத்திவிட்டார்.

“பில்லு இல்லாம நான் போனைத் தொட மாட்டேன்” என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வாசல்வரை கேட்கும்படி சொன்னேன்.